பட்டனை அழுத்தினால் கார் பறக்குமா? நைட்ரஸின் ‘இரண்டு படி’ கணக்கு!

2001-ல் வெளிவந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு நைட்ரஸ் என்றாலே ஒரு பட்டன்தான் ஞாபகத்துக்கு வரும். ஹீரோ அதை அழுத்துவார். ரோட்டோர விளக்குகள் எல்லாம் கோடுகோடாக நீளும். கார் ராக்கெட் மாதிரி கிளம்பும். அவ்வளவுதான், எதிராளி காலி!

அமெரிக்காவின் டிராக் ரேஸ் மைதானங்களில் கதை வேறு. அங்கே கார் கிளம்பும் அந்த நொடியிலேயே மொத்த நைட்ரஸையும் திறந்துவிட்டால், பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கிளப்பிக்கொண்டிருக்கும். பக்கத்து லேனில் இருக்கும் சக்தி குறைந்த கார் ஜாலியாக முன்னே போய்விடும். கூடவே அமைப்பில் ஒரு சின்னக் குறை இருந்தால், இன்ஜினுக்குள் பிஸ்டனும் உருகியிருக்கும்.

அதனால்தான் அனுபவமுள்ள ரேஸர்கள் நைட்ரஸை ஒரே மூச்சில் கொடுப்பதில்லை. இரண்டு அல்லது மூன்று தவணைகளாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் ‘மல்டி ஸ்டேஜ் நைட்ரஸ்’. தமிழில் ‘பல படி நைட்ரஸ்’ என்று சொல்லலாம். எவ்வளவு சக்தி கூட்டுகிறோம் என்பதைவிட, அதை எந்த நொடியில் கூட்டுகிறோம் என்பதில்தான் இந்த விளையாட்டின் வெற்றி, தோல்வி இரண்டும் இருக்கின்றன.

நைட்ரஸ் ஒரு எரிபொருளா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், நைட்ரஸ் ஆக்ஸைடு தானாக எரியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்த வாயு அது. 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் அது உடையத் தொடங்கும். அப்போது ஆக்ஸிஜன் தனியாகப் பிரியும். அந்த ஆக்ஸிஜன்தான் இன்ஜினுக்குத் தேவை.

நாம் சுவாசிக்கும் காற்றில் எடைக் கணக்கில் சுமார் 23 சதவிகிதம் ஆக்ஸிஜன். நைட்ரஸில் அது சுமார் 36 சதவிகிதம். விறகடுப்பை ஊதுகுழலால் ஊதினால் தீ கொழுந்துவிட்டு எரிகிறதே, அதே தத்துவம்தான். ஆக்ஸிஜன் அதிகமாகக் கிடைத்தால், கூடுதலாகப் பெட்ரோலைச் சேர்த்து எரிக்கலாம். கூடுதல் பெட்ரோல் எரிந்தால் கூடுதல் சக்தி.

இன்னொரு லாபமும் உண்டு. பாட்டிலுக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும் நைட்ரஸ், வெளியே வந்ததும் மைனஸ் 88 டிகிரியில் கொதித்து வாயுவாகும். அப்போது சுற்றியிருக்கும் காற்றை ஜில்லென்று குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும் என்பதால், அதிலும் ஆக்ஸிஜன் கூடுதலாகக் கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்தமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஸ் கூடும்போதெல்லாம் பெட்ரோலும் அதே கணக்கில் கூடியாக வேண்டும். மல்டி ஸ்டேஜ் அமைப்பில் வரும் பாதிப் பிரச்னைகள் இந்த ஒரு வரியை மறப்பதால் வருபவைதான்.

பல் டாக்டரிடமிருந்து ரேஸ் டிராக் வரை

1772-ல் இந்த வாயுவை முதலில் தயாரித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி. 1844-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், பல் பிடுங்கும்போது வலி தெரியாமல் இருக்க இதைப் பயன்படுத்தினார். ‘சிரிப்பு வாயு’ என்று நாம் படித்ததும் இதைத்தான்.

இது இன்ஜினுக்குள் பெரிய அளவில் நுழைந்தது இரண்டாம் உலகப் போரின்போது. மிக உயரத்தில் காற்று மெலிந்திருக்கும் என்பதால் போர் விமானங்களின் இன்ஜின் திணறும். ஜெர்மனி அதற்கு ‘ஜி.எம்-1’ என்ற பெயரில் நைட்ரஸ் செலுத்தும் அமைப்பை உருவாக்கித் தன் விமானங்களில் பொருத்தியது.

போருக்குப் பின் அது ரேஸ் கார்களுக்கு வந்தது. ஆரம்பத்தில் ரகசிய ஆயுதம்தான். 1976-ல் டேடோனா 500 பந்தயத்தின் தகுதிச் சுற்றில், நைட்ரஸ் தொடர்பான சர்ச்சையில் வேகமாக ஓடிய கார்களின் நேரங்களே ரத்து செய்யப்பட்டன. இன்றைக்கு டிராக் ரேஸில் சில பிரிவுகளில் இதற்கு வெளிப்படையான அனுமதி உண்டு. உதாரணமாக, ‘புரோ மாட்’ பிரிவில் டர்போ, சூப்பர்சார்ஜர் கார்களோடு நைட்ரஸ் கார்களும் நேருக்கு நேர் மோதுகின்றன. கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் தூரத்தை ஆறு விநாடிக்குள் கடந்துவிடும் கார்கள் அவை.

ஏன் தவணை முறை?

நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் விவசாயி மடையை முழுசாகத் திறந்துவிட மாட்டார். திறந்தால் நாற்று நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். டயருக்கும் தரைக்கும் இருக்கும் பிடியும் அப்படித்தான்.

நின்றுகொண்டிருக்கும் கார் சட்டென்று கிளம்பும்போது, அதன் எடை முன்னாலிருந்து பின்னால் சாய வேண்டும். பின் டயர்கள் அமுங்கித் தரையைக் கவ்வ வேண்டும். இதற்குச் சிறிது நேரம் தேவை. அதற்குள் டயர் தாங்குவதைவிட அதிகச் சக்தி வந்துவிட்டால் பிடி விட்டுப்போகும். டிராக் ரேஸில் ஒருமுறை பிடி விட்டால் அந்த ஓட்டம் அனேகமாக முடிந்த மாதிரிதான்.

கார் வேகம் எடுத்த பிறகு நிலைமை மாறுகிறது. கியர் மாறும்போது சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை குறைகிறது. கொஞ்சம் முன்பு டயரைச் சுழலவைத்திருக்கும் அதே சக்தியை, இப்போது டயர் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆக, முதல் படி நைட்ரஸ் கிளம்புவதற்கு. இரண்டாம் படி ஓடுவதற்கு.

இரண்டாம் படியை எப்போது திறப்பது என்பதை ரேஸர்கள் குருட்டாம்போக்கில் முடிவு செய்வதில்லை. ஓட்டம் முடிந்ததும் கையில் கிடைக்கும் ‘டைம் ஸ்லிப்’பில் முதல் 60 அடியைக் கார் எத்தனை விநாடியில் கடந்தது என்று இருக்கும். அந்த நேரம் ஒழுங்காக இருந்தால் முதல் படி சரி என்று அர்த்தம். அடுத்த ஓட்டத்தில் இரண்டாம் படியைச் சற்று முன்னதாகத் திறந்து பார்ப்பார்கள். டயர் சுழன்றால், மறுபடி பின்னுக்குத் தள்ளுவார்கள். ஒவ்வொரு மாற்றமும் விநாடியின் சிறு பங்குதான்.

ஒரு கார்... இரண்டு படி... ஒரு கணக்கு!

புரிந்துகொள்வதற்காக ஒரு காரைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 இன்ஜின். சொந்தச் சக்தி 500 ஹெச்.பி. நைட்ரஸ் மூலம் 300 ஹெச்.பி கூட்ட வேண்டும். அதை 150, 150 என இரண்டு படிகளாகப் பிரிக்கிறோம்.

முதல் படிக்கு ‘பிளேட்’ முறை. கார்புரேட்டருக்குக் கீழே ஒரு தட்டு பொருத்தப்படும். அதிலுள்ள குழாய்களின் துளைகள் வழியே நைட்ரஸும் பெட்ரோலும் சேர்ந்து பீய்ச்சப்படும். இரண்டாம் படிக்கு ‘டைரக்ட் போர்ட்’ முறை. இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நாசில் இருக்கும்.

ஒவ்வொரு நாசிலிலும் நைட்ரஸுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று என இரண்டு ஜெட்கள். ஜெட் என்பது நடுவில் ஊசித் துளை போட்ட ஒரு சிறிய உலோகத் துண்டு, அவ்வளவுதான். எவ்வளவு பாய வேண்டும் என்பதை அந்தத் துளையின் அளவுதான் தீர்மானிக்கிறது. எட்டு சிலிண்டர்களுக்கு மொத்தம் 16 ஜெட்கள். அதில் ஒரே ஒரு பெட்ரோல் ஜெட்டில் தூசி அடைத்தால் போதும், அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் போய்விடும்.

குழாயைத் திறந்து மூடும் வேலையைச் செய்வது ‘சோலினாய்டு’ எனப்படும் மின்சார வால்வு. ஒவ்வொரு படிக்கும் நைட்ரஸுக்கும் பெட்ரோலுக்கும் தனித்தனி சோலினாய்டுகள் தேவை. இவை நிறைய கரன்ட் இழுக்கும். அதனால் ஒவ்வொரு படிக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ் போடுவார்கள். இரண்டு படியையும் ஒரே ரிலேயில் கட்டினால், இரண்டாவது திறக்கும் நேரத்தில் வோல்டேஜ் குறைந்து, வால்வு அரைகுறையாகத் திறக்கும் ஆபத்து உண்டு.

இன்ஜினைக் கொல்வது நைட்ரஸ் அல்ல... பெட்ரோல் பற்றாக்குறை!

எரியறைக்குள் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ சுமார் 660 டிகிரியிலேயே உருகிவிடும். சரியான அளவில் பெட்ரோல் கலந்து, சரியான நேரத்தில் எரிவதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. நைட்ரஸ் வந்து பெட்ரோல் வரவில்லை என்றால் கலவை வறண்டுபோகும். வெப்பம் எகிறும். கலவை தாறுமாறாக வெடித்து ‘நாக்கிங்’ வரும். அடுத்த சில நொடிகளில் பிஸ்டனில் ஓட்டை விழும் அல்லது ஹெட் கேஸ்கெட் பிய்த்துக்கொள்ளும்.

மல்டி ஸ்டேஜில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. காரணம் எளிது. மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது, கீழே இன்னொருவர் குழாயைத் திறந்தால் ஷவரில் தண்ணீர் மெலிகிறதல்லவா? அதேபோல இரண்டாம் படியின் பெட்ரோல் வால்வு திறந்ததும் முதல் படிக்குப் போகும் அழுத்தம் சரியும். முதல் படி மட்டும் ஓடும்போது கச்சிதமாக இருந்த கலவை, இரண்டாவது சேர்ந்ததும் வறண்டுவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, நைட்ரஸுக்கென்றே தனி பெட்ரோல் பம்ப், தனி ரெகுலேட்டர். இரண்டு, அழுத்தத்தை அளக்கும் முறையை மாற்றுவது. பெட்ரோல் ஓடாமல் நிற்கும்போது மீட்டர் காட்டும் அளவை நம்பி செட்டிங் செய்யக் கூடாது. நைட்ரஸ் பாட்டிலை மூடிவைத்துவிட்டு, இன்ஜின் ஓடாத நிலையில், அந்தந்த படியின் ஜெட் வழியாகவே பெட்ரோலைப் பத்திரமான கலத்துக்குள் பாயவிட்டு, பாயும்போது அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டு படியும் சேர்ந்து பாயும்போது அது எவ்வளவு சரிகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். நைட்ரஸ் 900 பி.எஸ்.ஐ-க்கும் மேலான அழுத்தத்தில் பாய்கிறது. கார்புரேட்டர் காரில் பெட்ரோலின் அழுத்தம் ஐந்து முதல் ஏழு பி.எஸ்.ஐ-தான். ஒரே நேரத்தில் திறந்தாலும் நைட்ரஸ் முந்திக்கொள்ளும். அதனால் பெட்ரோல் சோலினாய்டை முடிந்தவரை நாசிலுக்குப் பக்கத்திலேயே பொருத்துகிறார்கள்.

தீப்பொறிக்கும் ஒரு நேரம் உண்டு

நைட்ரஸ் கலந்த கலவை வேகமாக எரியும். எனவே, ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக வர வேண்டும். ரேஸர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு: ஒவ்வொரு 50 ஹெச்.பி-க்கும் இரண்டு டிகிரி.

நம் உதாரணக் காரின் வழக்கமான டைமிங் 34 டிகிரி என்று வைத்துக்கொண்டால், முதல் படியில் ஆறு டிகிரி குறைந்து 28. இரண்டாம் படியும் சேர்ந்தால் இன்னொரு ஆறு டிகிரி குறைந்து 22. இது தொடக்கக் கணக்குதான். இன்ஜினுக்கு இன்ஜின் மாறும்.

ஓட்டம் முழுக்க 22 டிகிரியிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றலாம். அப்படி வைத்தால், நைட்ரஸ் இல்லாத நேரத்திலும் முதல் படி நேரத்திலும் இன்ஜின் மந்தமாக இருக்கும். எனவே, படி மாறும்போதே டைமிங்கையும் மாற்றும் எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர்கள் வந்துவிட்டன. அதில் ஒரு விதி: நைட்ரஸ் சிலிண்டருக்குள் வந்து சேர்வதற்கு முன்பே தீப்பொறி பின்வாங்கியிருக்க வேண்டும். பின்னால் வந்தால் பயனில்லை. கூடவே, வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும் ‘கோல்டு’ ரக ஸ்பார்க் பிளக்குகளையும் மாட்ட வேண்டும்.

பட்டன் ஒன்று, பாதுகாப்பு நான்கு

சினிமாவில் ஒரு பட்டன். நிஜத்தில் நான்கு அனுமதிகள் ஒன்றாகக் கிடைத்தால்தான் வால்வு திறக்கும்.

முதலாவது, டிரைவர் போடும் மெயின் சுவிட்ச். இரண்டாவது, ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதிபட்டிருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச். மூன்றாவது, ஆர்.பி.எம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் ‘விண்டோ சுவிட்ச்’. பொதுவாக 3,000 ஆர்.பி.எம்-க்குக் கீழே நைட்ரஸைத் திறப்பதில்லை. இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது திறந்தால், இன்டேக் மேனிஃபோல்டில் பெட்ரோல் தேங்கி, தீ பின்னோக்கிப் பாய்ந்து மேனிஃபோல்டே வெடித்துப் பிளக்கலாம். நான்காவது, பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸைத் தானாக நிறுத்தும் சுவிட்ச்.

இந்த நான்கும் ‘ஆம்’ என்ற பிறகுதான் இரண்டாம் படிக்கான டைமர் ஓட ஆரம்பிக்கும். நடுவில் டயர் சுழன்று டிரைவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு படிகளும் மூடிக்கொள்ள வேண்டும். மறுபடி மிதிக்கும்போது டைமர் முதலிலிருந்து எண்ண வேண்டுமா, விட்ட இடத்திலிருந்தா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவைக்க வேண்டும்.

பாட்டிலுக்கும் வெயில் ஆகாது

நைட்ரஸ் பாட்டிலின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 21 டிகிரியில் சுமார் 760 பி.எஸ்.ஐ. 30 டிகிரியை ஒட்டி 900-ஐத் தொடும். ரேஸர்கள் பொதுவாக 900 முதல் 1,000 வரை வைத்துக்கொள்கிறார்கள். முந்தைய ஓட்டத்தில் 950, அடுத்ததில் 800 என்று இருந்தால், ஜெட் கணக்கெல்லாம் தப்பாகிவிடும்.

அளவும் முக்கியம். 100 ஹெச்.பி-யைப் பத்து விநாடி தர, சுமார் 450 கிராம் நைட்ரஸ் செலவாகும் என்பது தோராயக் கணக்கு. 300 ஹெச்.பி என்றால் பத்து விநாடிக்கு ஒன்றே கால் கிலோவுக்கும் மேல். 4.5 கிலோ பாட்டிலில் மூன்று ஓட்டம் வரும்போல் தெரியும். ஆனால், தீரத் தீர அழுத்தம் இறங்கும் என்பதால் பலர் ஓரிரு ஓட்டங்களிலேயே பாட்டிலை மாற்றுகிறார்கள். இரண்டு படிகளுக்கு இரண்டு பாட்டில் வைப்பவர்களும் உண்டு.

குளிர்நாளில் பாட்டிலைச் சூடாக்க வேண்டியிருக்கும். அதற்கென்றே தெர்மோஸ்டாட் பொருத்திய மின்சாரப் போர்வைகள் உள்ளன. அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.ஹெச்.ஆர்.ஏ, இவற்றை மட்டுமே அனுமதிக்கிறது. அவசரத்துக்குத் தீச்சுடரைக் காட்டிச் சூடாக்குவது வெடிகுண்டைப் பற்றவைப்பதற்குச் சமம். 36.4 டிகிரிக்கு மேல் உள்ளே திரவம் என்ற நிலையே இருக்காது. அழுத்தம் மளமளவென ஏறும். வெயிலில் பூட்டிய காருக்குள் நிரம்பிய பாட்டிலை வைப்பதும் அதே ரக ஆபத்துதான்.

முதலில் தனித்தனியாக... பிறகு சேர்த்து!

அமைப்பு தயாரானதும் நேராக இரண்டு படியையும் திறப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒழுங்கான வரிசை இது: முதலில் நைட்ரஸே இல்லாமல் காரை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். பிறகு முதல் படி மட்டும், சிறிய ஜெட்டுடன். அடுத்து இரண்டாம் படி மட்டும். கடைசியாகத்தான் இரண்டும் சேர்த்து.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் பகுதியில் மினுமினுக்கும் அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால், அது பிஸ்டனிலிருந்து வந்தது. அன்றைய ஓட்டத்தை அத்தோடு நிறுத்திவிட வேண்டும். எட்டு பிளக்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், அந்தச் சிலிண்டரின் ஜெட்டைத் தேடிப் போக வேண்டும்.

படிகளே இல்லாமல், ஒரே சோலினாய்டை விநாடிக்குப் பலமுறை திறந்து மூடி, சக்தியைச் சாய்தளம் போல் ஏற்றும் ‘ப்ரோகிரஸிவ் கன்ட்ரோலர்’களும் இப்போது உண்டு. படிக்கட்டா, சாய்தளமா என்பது விருப்பம். ஆனால், பெட்ரோல், தீப்பொறி, பாட்டில் அழுத்தம் இந்த மூன்றின் கணக்கிலிருந்து இரண்டுக்குமே விடுதலை கிடையாது.

நம் ரோட்டில் மாட்டலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், விதிமீறி மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் பொதுச் சாலையில் நைட்ரஸுக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. சாலைக்கு ‘60 அடி நேரம்’ தேவையில்லை. குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு டைமரும் தெரியாது.

வீட்டில் இளைஞர்கள் இருந்தால் இன்னொன்றையும் சொல்லிவைக்கலாம். மருத்துவமனையில் தரப்படுவது ஆக்ஸிஜனுடன் அளந்து கலந்த வாயு. கார்களுக்கான நைட்ரஸில், யாரும் முகர்ந்து பார்க்கக் கூடாது என்பதற்காகவே சல்ஃபர் டை ஆக்ஸைடு சேர்க்கப்படுகிறது. போதைக்காக நைட்ரஸைத் தொடர்ந்து முகர்ந்தால் உடலில் வைட்டமின் பி12 செயலிழந்து நரம்புகள் பாதிக்கப்படும். பிரிட்டன் 2023 நவம்பரில் இதைத் தடை செய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

முறையான டிராக்கில், முறையான மேற்பார்வையில் ஒருநாள் நைட்ரஸ் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கனவு காண்பவர்களுக்கு ஒரு யோசனை. கடைக்குப் போனதும் கண் முதலில் போவது அந்தப் பளபளக்கும் பாட்டில் மேல்தான். ஆனால், அதற்கு முன்பே வாங்கவேண்டியது நல்ல தரமான ஒரு பெட்ரோல் பிரஷர் மீட்டர். பாட்டிலைவிட எத்தனையோ மடங்கு மலிவானது. பிஸ்டனைக் காப்பாற்றப்போவதும் அதுதான்!